தமிழ்க் கிறித்துவத்தில் இறைப்பெயர்: தம்பிரான் முதல் கடவுள் வரை

முன்னுரை

ஒரு சமயம் புதிய மொழியொன்றில் வேரூன்ற முனையும்போது அது எதிர்கொள்ளும் முதல் வினா, இறைவனை அம்மொழியில் எச்சொல்லால் அழைப்பது என்பதாகும். புதுச்சொல் படைத்தால் கேட்போருக்கு விளங்காது. வழக்கில் உள்ள சொல்லை எடுத்தாண்டாலோ, அச்சொல்லோடு ஒட்டிய பழைய கருத்துகளும் உடன்வரும். தமிழில் கிறித்துவம் ஏறத்தாழ 450 ஆண்டுகளாக இவ்வினாவுக்கு விடை தேடி வந்துள்ளது. தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்னும் ஐந்து சொற்கள் அத்தேடலின் ஐந்து படிகளாக அமைகின்றன.

இவை ஒன்று வந்ததும் மற்றொன்று அடியோடு மறைந்தன எனக் கருதுதல் பொருந்தாது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலும் கிள்ளான் நகரிலும் உள்ள தமிழ்த் திருச்சபைகளின் வழிபாட்டு மொழியை நோக்கின், இவற்றுள் சில இன்றும் அருகருகே வாழ்வதைக் காணலாம். கத்தோலிக்கரின் திருவிவிலிய வாசகம் 'கடவுள்' என்கிறது. சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் வேதாகமம் 'தேவன்' என்கிறது. லூதரன் மரபின் ஞானப்பாட்டுகளில் 'பராபரன்' தங்கியிருக்கிறது. பழைய கத்தோலிக்கச் செபங்களை மனப்பாடமாக அறிந்த முதியோர் நாவில் 'சர்வேசுரன்' ஒலிக்கிறது.

இச்சொற்களின் வரலாற்றையும் அவை கிள்ளான் பள்ளத்தாக்கை வந்தடைந்த வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இவை மொழிபெயர்ப்பாளரின் சொல்தெரிவுகள் மட்டுமல்ல. ஒவ்வொன்றும் ஓர் இறையியல் விளக்கமாகும். இவற்றுள் ஒன்றேனும் கிறித்துவம் தனக்கே உரியதெனக் கூறத்தக்க சொல்லன்று என்பதும் இங்கு வலியுறுத்தப்படுகிறது. இறைப்பெயர் ஒன்று நீதிமன்ற வழக்காகிய நாட்டில் வாழும் தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வரலாறு தனிப்பொருள் உடையது.

விவிலியத்தில் இறைப்பெயர்

இறைப்பெயர்ச் சிக்கல் மொழிபெயர்ப்பில் தொடங்குவதன்று, மூலநூலிலேயே உள்ளது. எபிரேய விவிலியம் இறைவனை 'ஏல்', 'எலோஹிம்' எனக் குறிப்பிடுகிறது. 'ஏல்' என்பது இசுரயேலர்க்கு மட்டும் உரிய சொல்லாக இருந்ததில்லை. கானானியர் தம் தலைமைத் தெய்வத்தை அப்பெயராலேயே வழங்கினர் என்பதை 1929ஆம் ஆண்டு முதல் சிரியாவின் உகாரித் பகுதியில் கிடைத்த களிமண் ஏடுகள் காட்டுகின்றன. அண்டை மக்களின் சொல்லை எடுத்து அதற்கு வேறொரு பொருளாழத்தை ஏற்றும் முறை விவிலியத்திற்குள்ளேயே நிகழ்ந்துள்ளது.

விடுதலைப் பயண நூலின் 3ஆம் அதிகாரத்தில் மோசே இறைவனின் பெயரை வினவுகிறார். அவருக்குக் கிடைக்கும் விடை ஒரு பெயராகவும் பெயர் கூற மறுப்பதாகவும் ஒருசேர அமைந்துள்ளது. 'இருத்தல்' என்னும் வினையோடு தொடர்புபடுத்தப்படும் அந்நான்கெழுத்துப் பெயரை யூதர் காலப்போக்கில் ஒலிப்பதையே தவிர்த்து, அதனிடத்தில் 'என் ஆண்டவர்' எனப் பொருள்படும் சொல்லை வாசித்தனர். தமிழில் 'கர்த்தர்' என்றும் 'ஆண்டவர்' என்றும் நாம் காண்பவை, ஒலிக்கப்படாத அப்பெயருக்கு யூத மரபு வைத்த மாற்றுச்சொல்லின் வழிவந்தவையாகும்.

புதிய ஏற்பாடு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. இயேசு பேசியது அரமேய மொழி. நற்செய்திகள் எழுதப்பட்டதோ கிரேக்கத்தில். அவர் வாய்மொழியில் சில அரமேயச் சொற்கள் நீங்கலாக ஏனைய யாவும் மொழிபெயர்ப்பாகவே நமக்குக் கிடைத்துள்ளன. அம்மொழிபெயர்ப்பு 'தெயோசு' என்னும் கிரேக்கப் பொதுச்சொல்லை ஏற்றது. சீயுசு முதலிய கிரேக்கத் தெய்வங்களைக் குறித்து வந்ததும் அதே சொல்தான். திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில் ஏதென்சு நகரத்தாரிடம் பேசும் பவுல், அவர்கள் ஊரில் கண்ட பலிபீடத்தையும் அவர்கள் புலவரின் கூற்றையும் துணைக்கொண்டே தம் செய்தியை விளக்குகிறார். ஆகவே, பிறர் சொல்லைக் கடன்பெற்று வழிபடுவது கிறித்துவ மறைநூலின் தொடக்கப் பண்புகளுள் ஒன்றெனக் கொள்ளலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் செய்ததும் இதன் தொடர்ச்சியே.

தம்பிரானும் சர்வேசுரனும்

தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. இதனைத் தமிழில் ஆக்கிய அன்றிக் அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றியவர். நூலின் தலைப்பிலேயே இறைப்பெயர் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது. 'தம்பிரான்' என்பது தலைவன், உடையவன் என்னும் பொருளில் சைவ மரபிலும் அரச வழக்கிலும் பயின்ற சொல். தூய ஆவியைக் குறிக்கவும் வழிபாட்டுச் சடங்குகளைக் குறிக்கவும் போர்த்துக்கீசியச் சொற்களையே தமிழ் ஒலிக்கேற்பத் திரித்து எழுதிய அன்றிக்கர், இறைவனை மட்டும் தமிழர் அறிந்த சொல்லாலேயே அழைத்தார். சடங்கின் பெயர் அயலாக இருக்கலாம். வணங்கப்படுபவர் அயலவராக இருத்தல் ஆகாது என்னும் உணர்வு இத்தெரிவில் வெளிப்படுகிறது.

1606இல் மதுரையை அடைந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி இவ்வணுகுமுறையை மேலும் விரிவுபடுத்தினார். போர்த்துக்கீசியச் சொற்களுக்கு மாற்றாக வடமொழி சார்ந்த சமயச் சொற்களைப் பெருமளவில் கையாண்டார். அவர் வழி நிலைபெற்ற இறைப்பெயர் 'சர்வேசுரன்'. ஈசுவரன் என்னும் பெயர் சிவபெருமானுக்குரியதாக வழங்கிய சூழலில், 'சர்வ' என்னும் அடையைச் சேர்த்து, அனைத்துக்கும் தலைவர் என்னும் பொருளை அவர் முன்னிறுத்தினார். பழைய சொல் அவ்வாறே நின்றது. ஓர் அடைமொழி அதன் எல்லையை விரித்தது. கத்தோலிக்கத் தமிழ் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இச்சொல்லையே பெரிதும் போற்றி வந்தது.

இத்தொடக்ககால அச்சு நூல்களின் வரலாறு கோலாலம்பூருடனும் தொடர்புடையது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1960களில் தலைமையேற்ற தனிநாயக அடிகளார், ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர். அந்தாம் தெ புரோவென்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியின் படிமப் பதிப்பு, அவர் முயற்சியால் 1966ஆம் ஆண்டு இத்துறையின் வெளியீடாகக் கோலாலம்பூரில் வந்தது. முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இந்நகரில் கூடியதும் அவ்வாண்டே. 17ஆம் நூற்றாண்டுச் சமயச் சொற்களை அவை வழங்கிய காலத்துப் பொருளோடு அறிய அவ்வகராதி இன்றும் துணைநிற்கிறது.

பராபரன்

1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க், தொடக்கத்தில் கத்தோலிக்கர் உருவாக்கிய சொற்களையே பயன்படுத்தினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த செருமானிய நூல், தமிழர் எல்லாத் தெய்வங்களுக்கும் மேலாகக் கொள்ளும் 'பராபரவஸ்து' என்னும் பரம்பொருளிலிருந்து தொடங்குகிறது. உருவமும் குடும்பமும் புராணமும் இல்லாத ஒரு முழுமுதலைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது இதனால் தெரியவருகிறது.

இச்சிந்தனை 'பராபரன்' என்னும் சொல்லாக வேதாகமத்தில் நிலைபெற்றது யோகான் பிலிப் ஃபபிரிசியுசின் மொழிபெயர்ப்பில் ஆகும். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு அந்நூற்றாண்டின் இறுதியில், அவர் மறைவுக்குப் பின் முற்றுப்பெற்றது. தாயுமானவர் பாடல்களால் தமிழ்மக்கள் நெஞ்சில் இடம்பெற்றிருந்த இச்சொல் சமயச் சண்டைக்கு இடந்தராத தூய்மை உடையதாகக் கருதப்பட்டது.

ஆயினும் மொழிபெயர்ப்பில் இதற்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. எபிரேய 'எலோஹிம்' என்பதும் கிரேக்க 'தெயோசு' என்பதும் உண்மை இறைவனையும் பிற தெய்வங்களையும் ஒருங்கே குறிக்கவல்லவை. வேறு தெய்வங்களை வணங்கலாகாது என்னும் முதற் கட்டளையின் வலிமை, ஒரே சொல் இருபுறமும் நிற்பதில் தங்கியுள்ளது. பராபரன் என்னும் சொல்லுக்கோ பன்மை இயலாது. பல பராபரர் இருக்க முடியும் என எண்ணுதலே அச்சொல்லின் பொருளுக்கு முரணாகும். இறைவனின் ஒருமையைக் காக்கத் தெரிந்துகொண்ட சொல், அவ்வொருமையைப் பிற தெய்வங்களோடு ஒப்பிட்டு வலியுறுத்தும் இடங்களில் கைகொடுக்கவில்லை.

தேவனும் யாழ்ப்பாணமும்

இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வாக வந்த சொல் 'தேவன்'. யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மெதடிஸ்ட் மறைப்பணியாளராக இருந்த பீட்டர் பெர்சிவல் தலைமையில் ஆக்கப்பெற்று 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு இச்சொல்லை ஏற்றது. தேவன், தேவர்கள் என ஒருமையும் பன்மையும் இயல்பாக அமைவதால் மூலத்தின் முரண்நயத்தைத் தமிழில் காட்ட முடிந்தது. ஆனால் இந்து மரபில் தேவர் என்போர் முழுமுதற்பொருளுக்குக் கீழ்ப்பட்டவர். இலக்கணச் சிக்கலைத் தீர்த்த சொல் பொருள்நிலையில் இறைவனைப் பலருள் ஒருவராக்கிவிடும் என்னும் அச்சம் எழுந்தது இயல்பே.

பெர்சிவலுக்கு இம்மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர் என்பது தமிழுலகம் நன்கறிந்த செய்தி. சைவத்தின் பெருங்காவலராகப் பின்னர் விளங்கிய அறிஞரின் தமிழ்ப்புலமை கிறித்துவ மறைநூலின் நடையைச் செப்பம் செய்ய உதவியது. அதேவேளையில் அப்பணியில் பெற்ற விவிலிய அறிவு நாவலர்க்கும் பயன்பட்டது. 1854இல் அவர் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்', விவிலியம் கூறும் ஆலய வழிபாட்டு முறைகளைச் சைவக் கோயில் வழிபாட்டோடு ஒப்பிட்டு, மறைப்பணியாளரின் கண்டனங்களுக்கு அவர்கள் நூலிலிருந்தே விடையளிக்கிறது. இரு சமயத்தாரும் ஒரே சொற்களஞ்சியத்திலிருந்து எடுத்துப் பேசியமையால்தான் இத்தகைய நேர்முக விவாதம் நிகழ முடிந்தது.

1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு தமிழகத்துச் சபைகளில் ஏற்புடையதாகவில்லை. ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழு ஃபபிரிசியுசின் நடையைப் பெரிதும் தழுவி, ஆனால் 'தேவன்' என்னும் சொல்லைக் கொண்டு செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. இதுவே இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்கிலுள்ளது. லூதரன் சபையாரோ ஃபபிரிசியுசின் மொழிபெயர்ப்பையும் அதன் பராபரனையும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முன்னரே, ஃபபிரிசியுசின் சொற்களைப் புதிய மறைப்பணியாளர் திருத்த முற்பட்டபோது தஞ்சை வேதநாயக சாத்திரியார் கடுமையாக எதிர்த்திருந்தார். சபையார் வாயில் பழகி வழிபாட்டில் ஊறிய சொல்லை அறிஞர் குழு மாற்றக்கூடுமோ என்பது அவர் எதிர்ப்பின் அடிப்படை வினா. ஐரோப்பியர் தந்த சொல்லாயினும் அது தமிழ்ச் சபையின் சொத்தாகிவிட்டது என்னும் உரிமையுணர்வை இவ்வெதிர்ப்பில் காண்கிறோம்.

கடவுளும் தமிழ் இயக்கமும்

'கடவுள்' தொல்காப்பியத்திலும் சங்கச் செய்யுளிலும் பயிலும் பழஞ்சொல். மலையிலும் மரத்திலும் உறையும் தெய்வங்களைக் குறிக்கவும் சங்கப் புலவர் இதனை ஆண்டனர். பிற்காலத்தில் எல்லாச் சமயத்தாரும் வழங்கும் பொதுச்சொல்லாக இது வளர்ந்தது. ஆண்பால் விகுதி பெறாமை இச்சொல்லின் தனிச்சிறப்பு. சர்வேசுரன், பராபரன், தேவன் மூன்றும் 'அன்' ஈறு பெற்றவை. கடவுள் பால்காட்டும் விகுதியின்றி நிற்கிறது. இறைவனை ஆணாகவோ பெண்ணாகவோ வரையறுக்காத சொல் என்ற வகையில் இக்கால இறையியல் சிந்தனைக்கும் இது இசைவானது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லார்சன், பாப்லி முதலியோர் ஈடுபட்ட திருத்தப்பணி 'கடவுள்' என்னும் சொல்லை வேதாகமத்திற்குள் கொணர்ந்தது. எனினும் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் ஓசைக்குப் பழகிய சபைகள் அதனைப் பரவலாக ஏற்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நிறைவுற்றபின் தாய்மொழி வழிபாடு கத்தோலிக்கத் திருச்சபையில் முதன்மை பெற்றது; தமிழகத்தில் தனித்தமிழ் உணர்வும் ஓங்கியிருந்தது. இவ்விரண்டும் கூடிய சூழலில், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' 1995இல் வெளிவந்தது. இதில் தேவன் 'கடவுள்' ஆனது. கர்த்தர் 'ஆண்டவர்' ஆனார். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் 'வார்த்தை', 'வாக்கு' என்றாயிற்று. ஞானஸ்நானம் 'திருமுழுக்கு' எனவும் பூசை 'திருப்பலி' எனவும் வழிபாட்டில் நிலைபெற்றன.

இம்மாற்றத்தால் ஈட்டியதும் உண்டு, இழந்ததும் உண்டு. பள்ளியில் தமிழ் கற்ற இளையோர்க்கு மறைநூல் நெருக்கமாயிற்று. மறுபுறம், முந்தைய சொற்களோடு பிணைந்திருந்த பொருளிழைகள் சில தளர்ந்தன. 'ஞானஸ்நானம்' என்னும் சொல்லில் நீராடலும் மெய்யறிவும் இணைந்திருந்தன. தொடக்கத் திருச்சபை அவ்வருளடையாளத்தை ஒளிபெறுதல் எனவும் வழங்கியது. 'திருமுழுக்கு' நீரில் மூழ்கி எழும் குறியீட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அறிவொளி என்னும் கூறு அதில் தனியே புலப்படுவதில்லை. ஒரு சொல் குறியீட்டின் ஒரு பக்கத்தை விளக்கும்போது மறுபக்கம் நிழலில் விழுவது மொழிபெயர்ப்பின் இயல்பாகும்.

விளிச்சொல்: நீ, நீர்

இறைவனைக் குறிக்கும் பெயரைப்போலவே அவரை முன்னிலையில் விளிக்கும் முறையும் ஆராயத்தக்கது. சைவ, வைணவ அடியார்கள் இறைவனைப் பெரும்பாலும் 'நீ' என நெருங்கி அழைத்தனர். இக்காலப் பேச்சுவழக்கில் பெரியோரை 'நீங்கள்' என்கிறோம். தமிழ் வேதாகமமும் செபங்களும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 'நீர்' என்னும் வடிவைத் தெரிந்துகொண்டன. ஒருவரையே குறிப்பது, ஆயினும் மதிப்புத் தருவது என்னும் இரட்டைத் தன்மை இதற்கு உண்டு. 'தேவன்' என்னும் ஒருமைப் பெயர்க்கு 'ஆர்' விகுதி பெற்ற வினை முடிபாக வருவதும் இத்தகையதே. ஒருமை குலையாமலும் மதிப்புக் குறையாமலும் பேச முயன்ற இறையியல் இந்த இலக்கண அமைதியில் பொதிந்துள்ளது.

'நீர்' யாழ்ப்பாணத் தமிழில் ஒத்த நிலையினரிடையே அன்றாடம் வழங்கும் சொல். தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோரில் பலர்க்கு அது பேச்சுமொழியில் இல்லை. ஆதலால் ஒரே செபத்தைச் சொல்லும்போது யாழ்ப்பாணத்தார் செவியில் அது தோழமையோடும், தோட்டத் தமிழர் செவியில் அது வழிபாட்டுக்கே உரிய பெருமிதத்தோடும் ஒலித்திருக்கக் கூடும். இன்றைய மலேசியத் தமிழ் இளையோர் 'நீர்' என்னும் முன்னிலையை உயிருள்ள வழக்காகச் சந்திக்கும் இடங்களுள் வழிபாட்டுத் தலமே முதன்மையானது. தமிழாசிரியர்கள் இலக்கண வகுப்பில் இதனைச் சான்றாகக் காட்டலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சேர்ந்த மரபுகள்

மேற்கூறிய மரபுகள் தாய்நிலத்தில் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே வளர்ந்தவை. தரங்கம்பாடியின் பராபரனும் மதுரையின் சர்வேசுரனும் யாழ்ப்பாணத்தின் தேவனும் ஒரு தெருவில் சந்திக்க நேர்ந்தது இடப்பெயர்வினால்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரயில்வேயும் அரசு அலுவலகங்களும் யாழ்ப்பாணத்தாரையும், இரப்பர்த் தோட்டங்களும் துறைமுகமும் தமிழகத்தாரையும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு ஈர்த்தன. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. கிள்ளான் தோட்டங்களுக்கும் துறைமுகத்திற்கும் நடுவே நகரமாயிற்று.

பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிக் கழகக் குருக்களின் பணியால் தமிழ்க் கத்தோலிக்கச் சமூகங்கள் அமைந்தன. கோலாலம்பூரின் புனித அந்தோணியார் ஆலயமும், 1928இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயமும் அச்சமூகங்களின் வழிபாட்டு மையங்களாக விளங்கின. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லூதரன் மக்களிடையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்கமைந்த சபைப்பணி தொடங்கியது. 1920களில் பிரிக்பீல்ட்ஸில் அமைந்த சீயோன் ஆலயம் அதன் தலைமையிடமாயிற்று. மெதடிஸ்ட் திருச்சபையும் தமிழ்ச் சபைகளையும் பள்ளிகளையும் நிறுவியது.

இதே வட்டாரத்தில் ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் உள்ளது. நாவலர் புதுக்கிய சைவ மரபின் வழித்தோன்றல்கள் அங்கே வழிபட, அவர் கைபட்ட வேதாகமத் தமிழின் வழித்தோன்றல்கள் சற்றுத் தொலைவில் வழிபடுகின்றனர். கேரள மரபினரான மலங்கரை மரபுவழிச் சுரியானிக் கிறித்துவர்களின் பேராலயமும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அவர்தம் பழைய வழிபாட்டு மொழியாகிய சுரியானியில் இறைவனின் பெயர் 'அலோஹோ'. தமிழ்க் கிறித்துவரின் 'சிலுவை' என்னும் சொல்லும் சுரியானி மூலத்திலிருந்து வந்ததே. 'எலோஹிம்', 'அலோஹோ', அரபு 'அல்லாஹ்' மூன்றும் ஒரே செமித்திய வேரினின்று கிளைத்தவை.

மலாய் விவிலியமும் நீதிமன்ற வழக்கும்

தமிழ் விவிலியத்தைப் போலவே மலாய் விவிலியத்திற்கும் நெடிய வரலாறு உண்டு. ஆல்பர்ட் ரூய்ல் மொழிபெயர்த்த மத்தேயு நற்செய்தி 1629இல் அச்சானது. லைடெக்கர் தொடங்கிய முழு விவிலியம் 1733இல் வெளிவந்தது. இரண்டும் இறைவனை 'அல்லாஹ்' என்றே குறித்தன. 19ஆம் நூற்றாண்டில் தாம்சன் முதலிய மறைப்பணியாளர்க்கு மலாய் கற்பித்து, நற்செய்தி மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர் முன்ஷி அப்துல்லா. தமிழ் முசுலிம் மரபும் கலந்த குடியில் பிறந்து தமிழும் கற்ற இவர், அம்மொழிபெயர்ப்பின் மலாய் நடை குறித்துத் தம் தன்வரலாற்றில் திறனாய்ந்துள்ளார். யாழ்ப்பாணத்தில் சைவரான நாவலர் பெர்சிவலுக்குத் துணைநின்றதை இதனோடு ஒப்பிடலாம். மறைநூலை மொழிபெயர்க்கும் பணி, சமய எல்லைகளைக் கடந்த மொழியறிஞரின் துணையின்றி நடந்ததில்லை.

இச்சொல் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்டச் சிக்கலாயிற்று. 1986இல் உள்துறை அமைச்சு முசுலிம் அல்லாதார் வெளியீடுகளில் அல்லாஹ் உள்ளிட்ட நான்கு சொற்களைத் தடை செய்தது. சிலாங்கூர் மாநிலம் 1988இல் இயற்றிய சட்டமும் இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டது. 2009ஆம் ஆண்டு மார்ச் முதல் 5,100 மலாய் விவிலியங்கள் கிள்ளான் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டு, 2011இல் விடுவிக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள மலேசிய விவிலியச் சங்க அலுவலகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட மலாய், ஈபான் விவிலியங்களைச் சிலாங்கூர் இசுலாமிய சமயத் துறை கைப்பற்றியது.

ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்த 'ஹெரால்ட்' கத்தோலிக்க வார இதழின் மலாய்ப் பகுதியே வழக்கின் மையமாயிற்று. கோலாலம்பூர்ப் பேராயர் மர்பி பாக்கியம் தொடுத்த வழக்கில் 2009 டிசம்பர் 31ஆம் நாள் உயர் நீதிமன்றம் திருச்சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2013 அக்டோபர் 14ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. மேலும் முறையிட 2014 ஜூன் 23ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி மறுத்தது. சரவாக்கைச் சேர்ந்த மெலனாவ் பெண்மணி ஒருவர் தொடுத்த வேறொரு வழக்கில், 1986ஆம் ஆண்டுத் தடை செல்லாது என 2021 மார்ச் 10ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதன் மேல் தொடுத்த முறையீட்டை அரசு 2023இல் மீட்டுக்கொண்டது.

ஹெரால்ட் இதழின் தமிழ்ப் பகுதி 'கடவுள்' என்றும் 'இறைவன்' என்றும் எழுதியதை எவரும் வழக்காக்கவில்லை. இவ்விரு சொற்களையும் சைவரும் வைணவரும் தமிழ் முசுலிம்களும் கிறித்துவரும் ஒருங்கே வழங்குகின்றனர். இப்பொதுமை எதிர்ப்பின்றி வந்ததெனக் கூற இயலாது. சொற்பொருள் குழம்பும் என்னும் அச்சமும், நம் சொல்லைப் பிறர் மாற்றுகின்றனர் என்னும் மனக்குறையும் தமிழிலும் இருந்தன. அவ்வச்சத்தை இழிவாகக் கருதவும் கூடாது. வழிபடுவோர்க்கு இறைப்பெயர் அகராதிச் சொல்லன்று, உயிர்ப்பற்று. ஆனால் தமிழில் அப்பூசல் கண்டன நூல்களிலும் சபைக் குழுக்களிலும் நிகழ்ந்தது. விடையை இறுதியில் தந்தது ஆணையன்று, நெடுநாள் வழக்கே.

முடிவுரை

தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் ஆகிய ஐந்தும் இறைவனைப் பற்றிய ஐந்து அறிவிப்புகள். உடையவர், அனைத்துக்கும் ஆண்டவர், எல்லாவற்றையும் கடந்தவர், பொய்த்தெய்வங்களுக்கு எதிரே நிற்பவர், எல்லாரும் அறிந்தவர் என அவை முறையே உணர்த்துகின்றன. ஒவ்வொன்றும் முந்தையது விட்ட குறையை நிரப்ப வந்து, தானும் ஒரு குறையை விட்டுச் சென்றது. மோசேயின் வினாவுக்கு முழுமையான பெயர் விடையாகக் கிடைக்காமையை எண்ணின், இக்குறையை மொழிபெயர்ப்பாளர்தம் தோல்வி எனல் பொருந்தாது. எந்தச் சொல்லுக்கும் இறைவன் அடங்கார் என்னும் மறைநூல் கருத்தையே இச்சொல்வரலாறு உறுதிசெய்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இச்சொற்கள் இன்றும் சேர்ந்து வாழ்கின்றன. ஆயினும் ஆங்கில வழிபாட்டுக்கு இளையோர் நகர்ந்து வரும் நிலையில், பழைய செபநூல்களும் ஞானப்பாட்டுத் தொகுதிகளும் சபைப் பதிவேடுகளும் பயன்பாட்டிலிருந்து விலகும் இடர் உள்ளது. அவற்றுடன் பராபரனும் சர்வேசுரனும் மறையும். தமிழர் சமய உரையாடலின் நேரடிச் சான்றுகளும் மறையும். பழந்தமிழ் அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடிச்சென்ற தனிநாயக அடிகளாரின் பணி, நம் வீட்டருகே உள்ள ஆலயங்களின் அலமாரிகளில் தொடரப்பட வேண்டும். முதியோர் நினைவிலுள்ள செபங்களை ஒலிப்பதிவு செய்வதும் சபைப் பதிவேடுகளின் மொழியை ஆராய்வதும் மாணவர் ஆய்வேடுகளுக்குத் தக்க களங்களாகும்.